மந்தைவெளியில் கடைந்த வளையம்

காலியிடம் தேடிச் சென்னைக்குப் போன ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுமனை இல்லை. நிஜமான காலியிடம், காற்றுகூட இல்லாத வெற்றிடம். அடையாறில் ஒரு கல்லூரியில் தண்ணீர் லாரி அளவுக்கு, சுற்றிலும் மூடிய ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது. அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட விண்வெளி. ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கூண்டுகளுக்கு மாதக்கணக்கில் வரிசை நிற்கிறது. அடையாறுக் கூண்டு வெள்ளிக்கிழமை ஒரு நாள் சும்மாதான் இருக்கும் என்றார்கள். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

நான் கோவில்பட்டிக்காரி. பதினெட்டு வருடமாக ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், செயற்கைக்கோள்களை நகர்த்தும் பிளாஸ்மா எந்திரம் செய்கிற சிறிய நிறுவனத்தில் வேலை. அதில் எட்டு வருடம் ஒரே எந்திரத்தோடு போயிற்று. டிபன் தட்டு அளவுதான் இருக்கும். அது அடையாறில் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்து, தள்ள வேண்டிய அளவு தள்ளிக் காட்டினால் செயற்கைக்கோளில் ஏறும். காட்டாவிட்டால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என்னையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். என் மேலாளர் யோர்க் இதை மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த மனிதர் அன்பாகப் பேசினால் விஷயம் முடிந்துவிட்டது என்று பொருள்.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி காகிதத்தைப் படித்தார். முகம் மாறியது.

“பிளாஸ்மான்னு போட்டிருக்கு. ஐஸ் பெட்டி எங்க?”

“எதுக்கு சார் ஐஸ்?”

“ரத்தம் கெட்டுப் போகாதா?”

ரத்தம் இல்லை சார், இது வாயு என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயு என்றதும் இன்னும் இரண்டு பேர் வந்து சுற்றி நின்றார்கள். வாயு இதற்குள் இல்லை, அது கல்லூரியில் உருளையில் இருக்கிறது. அந்த வாயுவுக்கு மின்சாரம் கொடுத்தால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து வரும். பிய்ந்த அணுவும் எலக்ட்ரானும் கலந்து கிடப்பதுதான் பிளாஸ்மா என்று பாடம் எடுத்தேன். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் “டியூப்லைட் மாதிரி சார்” என்றேன். “அத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு வருட உழைப்பு டியூப்லைட் என்ற பெயரில் தாய்நாட்டுக்குள் நுழைந்தது.

எந்திரம் பெட்டியில், அதன் வளையம் மட்டும் தனியாக என் மடியில். இந்த வளையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்திரத்தின் முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துக்குள்தான் பிளாஸ்மா எரியும். பள்ளத்தின் சுவர் போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பீங்கான். சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும். ஈரத்தைக் கண்டால் குடித்துவிடும். ஈரம் குடித்த வளையத்தை வெற்றிடத்தில் வைத்தால் அது நீராவியைக் கக்கிக் கக்கி எந்திரத்தையே அணைத்துவிடும். அதனால்தான் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, பிள்ளையைத் தூக்கி வருவது போல மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் பேச்சுப் பிரியர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, “மடில இன்னா மேடம், அப்டி கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க?” என்றார்.

“ராக்கெட் எஞ்சின்ல ஒரு பாகம்.”

“நம்ம வண்டிலயா? எவ்ளோ ஸ்பீடு போவும்?”

“இதுலேருந்து வெளிய வர்ற வாயு ஒரு செகண்டுல பதினெட்டு கிலோமீட்டர் போகும். மயிலாப்பூர்ல விட்டா கிட்டத்தட்ட தாம்பரம்.”

அவர் சீட்டி அடித்தார். “எவ்ளோ வெயிட்டு தள்ளும்?”

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பயப்படுவேன். “ஒரு அப்பளம் இருக்கில்ல, அதக் கையில வச்சா ஒரு கனம் தெரியுமே, அவ்ளோதான்.”

“ஒரு அப்பளமா?”

“காத்தே இல்லாத இடம்ணே. தடுக்க ஆளில்ல. மாசக்கணக்கா விடாம தள்ளிக்கிட்டே இருந்தா போதும். சேர்ந்து சேர்ந்து வேகம் ஏறிரும்.”

“ஒரு அப்பளத்துக்கு எதுக்கு மேடம் ஜெர்மனி?” என்று அவர் கேட்ட நொடியில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் வந்தது. வண்டி எகிறியது, நான் எகிறினேன், டப்பா எகிறியது. மூவரில் டப்பா மட்டும் இரும்புக் கம்பியில் மோதிக் கீழே விழுந்தது.

திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மயிலாப்பூரில் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். நீளமாக ஒரு விரிசல். ராக்கெட் கிளம்பும்போது வரும் அதிர்வை இதே வளையம் ஜெர்மனியில் ஒரு மேடையில் தாங்கிக் காட்டிச் சான்றிதழ் வாங்கியிருந்தது. பூமியைச் சுற்றப் போகிற பொருள் ராயப்பேட்டையைத் தாண்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், ஒளிப்பானேன்.

அறை விசாலம் மாமியின் வீட்டு மாடியில். கபாலி கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. மாமிக்கு எழுபது வயது, வாடகைக்கு விட இரண்டு அறை, அபிப்பிராயங்கள் கணக்கில்லை. என் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் காபியை நீட்டினார். ஜெர்மனியில் பதினெட்டு வருடமாக நான் குடிப்பது காபி இல்லை என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“பிளாஸ்மாவா? எங்காத்துலகூட பிளாஸ்மா டிவி ஒண்ணு இருந்தது. நாலே வருஷத்துல போயிடுத்து. அதையா நம்பிண்டு இருக்கே?”

எனக்குச் சுருக்கென்றது. மாமி சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. அந்த டிவிக்குள்ளும் செனான் வாயுதான் இருந்தது, என் எந்திரத்துக்கும் அதே செனான்தான்.

உபரியாக, இன்னும் கடையாத வெள்ளைக் கட்டி ஒன்று பெட்டியில் இருந்தது. அதிலிருந்து புது வளையம் கடைய வேண்டும். யோர்க்கைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “நம் வழக்கமான பட்டறையில் கேட்டேன். ஆறு வாரம் ஆகுமாம். வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கிழமைதான்.” அன்பாகத்தான் சொன்னார்.

மாமி காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “மந்தைவெளில தாமுன்னு ஒருத்தன் லேத்து வச்சிண்டிருக்கான். எங்காத்து கிரைண்டருக்கு அச்சு கடைஞ்சு குடுத்தான், இன்னும் ஓடிண்டிருக்கு” என்றார். விண்வெளித் தரத்துக்கு இதைவிட நல்ல சிபாரிசு அந்த நேரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மந்தைவெளிக்கு நடந்தே போனேன். ஆட்டோ பக்கமே திரும்பவில்லை. தாமோதரனின் பட்டறை ஒரு சந்துக்குள், வீட்டின் முன்னறையில். ஒரே ஒரு லேத். அதன் நெற்றியில் மாலை, சந்தனம், குங்குமம். தாமோதரனுக்கு ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, காதில் பென்சில். உள்வாசலில் அவர் மனைவி கஸ்தூரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

படத்தைக் காட்டி, “ஒரு நூல்கூடப் பிசகக் கூடாதுண்ணே” என்றேன்.

தாமோதரன் தலையைச் சொறிந்தார். “ஒரு நூலுன்னா மூணு மில்லி மேடம். அவ்ளோ வுடலாமா? இது ராக்கெட்டா, மாட்டு வண்டியா?”

லேத்துக்காரர்களுக்கு நூல் என்பது ஒரு அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நானோ பள்ளிக்கூடத் தமிழில் உயிரைக் கொடுத்துச் சொல்கிறேன். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்று திருத்திச் சொன்னதும்தான் மனிதர் கண்ணாடியை மாட்டினார்.

அடுத்த தகராறு தண்ணீரில். இரும்பு கடையும்போது சூடு தணிய சோப்புத் தண்ணி ஊற்றிக்கொண்டே கடைவார்கள். அவர் கை பழக்கத்தில் குழாய்க்குப் போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“தண்ணி இல்லாம எப்டி மேடம்?”

“பச்சத்தண்ணி, சோப்புத்தண்ணி, எச்சில்கூடப் படக்கூடாது. உள்பக்கம் விரல் ரேக பதிஞ்சாலே போச்சு.”

“அப்டி இன்னாதான் மேடம் நடக்குது உள்ள?”

ஆயிரம் மாநாட்டில் பேசியிருக்கிறேன், இந்த மாதிரி ஒரு சபை வாய்த்ததில்லை. “மாட வீதி இருக்கில்ல, கோயிலச் சுத்தி? இந்த வளையம்தான் வீதி. எலக்ட்ரான் கூட்டம் சாமி பாக்கணும்னு உள்ள முண்டுது. காந்தம் வழி விடாது. வீதியச் சுத்திக்கிட்டே கிடன்னு சொல்லிரும். வீதி முழுக்க ஒரே நெரிசல். அந்த நெரிசலுக்குள்ள செனான் வாயு வருது. வந்தவன் இடிபட்டு தன்கிட்ட இருந்த ஒரு எலக்ட்ரானத் தொலச்சிடுறான்.”

“பர்ஸு அடிச்சுட்டானுங்க” என்றார் தாமோதரன்.

“ஆமா. பர்ஸ் போனவன மின்புலம் புடிச்சு வெளிய வீசிரும். அவன் வெளிய போற வேகத்துக்கு எந்திரம் எதிர்ப்பக்கம் நகரும்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்தார். “பர்ஸு போனவன் சும்மா போவானா? திரும்பி வந்து சண்ட வலிக்க மாட்டான்?”

நான் அசந்துபோனேன். முதுகலை படிக்கிற பிள்ளைகள்கூட இதைக் கேட்பதில்லை. வெளியே போன அயனி, அதாவது எலக்ட்ரானைத் தொலைத்த அணு, நேர்மின்னூட்டத்தோடு போகிறது. அப்படியே விட்டால் எந்திரத்தில் எதிர்மின்னூட்டம் சேர்ந்து, போனவனைத் திரும்ப இழுத்துவிடும். “வருவான். அதுக்குத்தான் வாசல்ல ஒரு ஆள நிப்பாட்டி, போறவன் கையில வேற பர்ஸக் குடுத்து அனுப்புறோம்” என்றேன். எந்திரத்தின் ஓரத்தில் எலக்ட்ரானை உமிழ்கிற ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அதுதான் அந்த ஆள்.

“அப்ப செரி” என்று கஸ்தூரி கீரைக்குத் திரும்பினார். கொஞ்சம் கழித்து, “வளையத்துக்கு வெளிப்பக்கமும் தொடாம மடி பாக்கணுமா?” என்றார்.

“வெளிப்பக்கம் இரும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். அத யாரு பாக்கப் போறா?” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை தி.நகர். உடைந்த டப்பாவுக்குப் பதில் காற்றுப்புகாத டப்பா ஒன்று வேண்டும். ரங்கநாதன் தெருவில் நான் நடக்கவில்லை, நடத்தப்பட்டேன். எனக்கு வேண்டிய கடையைத் தாண்டி நாலு கடை தள்ளிக் கரை ஒதுங்கி, நீந்தித் திரும்பி வந்தேன். ஜெர்மனியில் என் ஊரில் இத்தனை பேரை மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் சந்தை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

பாத்திரக் கடை முதலாளி வாயைத் திறந்ததுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. “தாயிக்கு எந்த ஊரு? கோயில்பட்டியா? சொல்லக்கூடாதா! ஏலே, அக்காவுக்கு ஸ்டூல் போடு. என்னத்தப் போட்டு வைக்கப்போறீக, முறுக்கா?”

“ராக்கெட்டுக்கு ஒரு சாமான் அண்ணாச்சி. காத்துப் புகக்கூடாது.”

அண்ணாச்சி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “ராக்கெட்டுக்குன்னா ரப்பர் போட்ட மூடிதான் தோது. இது நமத்துப் போவவே போவாது. அமெரிக்காவுக்கு அதிரசம் கொண்டுபோறவுகல்லாம் இதத்தான் வாங்குதாக.” கடையெங்கும் தள்ளுபடி, தள்ளுபடி என்று அட்டை தொங்கியது. எட்டு வருடமாக ஒரு அப்பளத்தைத் தள்ளப் பாடுபடுகிறேன், இங்கே கடை கடையாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணாச்சி நாலு பையைப் பிரித்து உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். மதியம் ஒரு மெஸ்ஸில் வற்றல் குழம்பு சாப்பிட்டேன். அப்பளம் வைத்தார்கள். அதைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, பக்கத்து இலைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்த பிறகுதான் கடித்தேன்.

வியாழக்கிழமை மதியம் வளையம் தயார். முந்தின நாள் முழுக்கத் தாமோதரன் வேறு வேலையே தொடவில்லையாம். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, பருத்தித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கடைந்திருக்கிறார். சட்டை முழுக்க வெள்ளைப் பொடி. அளவுக் கருவியை வைத்துப் பார்த்தேன். நூறில் இரண்டு பங்கு கேட்டேன், ஒன்றுகூட இல்லை. ஜெர்மன் பட்டறை ஆறு வாரத்தில் தந்திருக்கக்கூடியதை மந்தைவெளி இரண்டு நாளில் தந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக வளையத்தைத் திருப்பினேன்.

பொட்டு. வெள்ளை வெளேரென்ற பீங்கானில், சந்தனம் வைத்து, அதன் மேல் செக்கச்செவேலென்று குங்குமம்.

எனக்குக் கண் இருட்டியது. “யாரு வச்சா இத? அறிவு இருக்கா? தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, விரல் படக்கூடாது, தண்ணி படக்கூடாதுன்னு! எட்டு வருஷம்! எட்டு வருஷத்த ஒத்த விரல்ல நாசம் பண்ணிட்டீங்களே! இது என்ன ஆயுத பூஜையா?” இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. சந்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

தாமோதரன் ஒரு கணம் உள்வாசலைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் மேடம் வெச்சேன். புதுசா எது கடைஞ்சாலும் வெக்கிறதுதான். வெளிப்பக்கம்தான் வெச்சேன். உள்ள தொடல மேடம், சத்தியமா தொடல.”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம்தான். இரும்புக்குள் போய் உட்காருகிற பக்கம். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னவள் நான்தான். சூளையில் வைத்துச் சுட்டால் பெரும்பாலும் எரிந்துபோகும். கோபம் இறங்கிவிட்டது, மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. வளையத்தை அண்ணாச்சி டப்பாவில் போட்டு மூடி, வந்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். சந்து முனை வரைக்கும் முதுகு கூசியது.

அன்று சாயங்காலம் அடையாறில், கல்லூரிச் சூளையில் வளையத்தைச் சுட்டு ஈரம் போக்கினேன். பொட்டு கறுத்து, மங்கிய பழுப்புத் தழும்பாக நின்றது. எந்திரத்தில் பொருத்தி, கூண்டை மூடி, காற்றை உறிஞ்ச விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரி வாசலில் என்னை ஒரு பதாகை வரவேற்றது. ஒரு பக்கம் ராக்கெட். மறு பக்கம் பெரிதாக ஒரு சொட்டு ரத்தம். பதாகை அடித்தவர் பிளாஸ்மாவுக்குப் பொருத்தமாகப் படம் தேடியிருக்கிறார். கூண்டுக்குப் பொறுப்பான பேராசிரியர் பட்டுச் சட்டையில் நின்றார். சிறப்பு விருந்தினராக, கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும் ஜவுளிக்கடை அதிபர் வந்திருந்தார். குத்துவிளக்கு இருந்தது. எனக்கு ஒரு பொன்னாடையும் இருந்தது.

பத்தரைக்கு அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. போடலாமா என்றேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, காதோரம் வந்து, “ராகு காலம். பன்னெண்டு மணிக்கு மேல வெச்சுக்கலாமே?” என்றார். பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சிரிக்கலாமென்று பார்த்தேன். ஜெர்மனியில் பாதுகாப்பு அதிகாரிகள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் பொத்தானைத் தொட முடியும், மூன்றாவது கையெழுத்துக்காரர் விடுமுறையில் போனால் ஒரு வாரம் ராகு காலம். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் அதிபர் பேசினார்.

பன்னிரண்டு அடித்தது. செனானைத் திறந்து, மின்சாரத்தைக் கொடுத்தேன். கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் வளையத்துக்குள் ஊதா நிறத்தில் ஏதோ துடித்தது. அணைந்தது. மறுபடி போட்டேன். துடித்தது, அணைந்தது. மின்னோட்ட முள் பேயாட்டம் ஆடியது. ஈரமா? பொட்டா? வளையமே தப்பா? எட்டு வருடமும், என் வேலையும், எல்லாம் அந்தச் சன்னலுக்குள் விக்கிக்கொண்டிருந்தன. முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். பேராசிரியர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. துடிப்பு அடங்கியது. வளையம் முழுக்க நீலம், நடுவிலிருந்து கூர்மையாக ஒரு நீலக் கதிர். சத்தமே இல்லை.

அதிபர் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். “எப்ப மேடம் கெளம்பும்?”

“கிளம்பாது சார். இது இவ்ளோதான்.”

“இவ்ளோதானா?” அவர் பேராசிரியரைப் பார்த்த பார்வையில் அடுத்த வருட நன்கொடை ஆட்டம் கண்டது.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அறுபது மில்லி நியூட்டன் தள்ள வேண்டும். திரையில் அறுபத்திரண்டு. ஒரு மணி நேரமும் அறுபத்திரண்டு, அசையவில்லை. கூண்டின் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்று அழுதேன். பொன்னாடையில்தான் மூக்கைத் துடைத்தேன்.

சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். மந்தைவெளிக்குப் போயிருக்க வேண்டும். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

ஜெர்மனியில் வந்து இறங்கியதும் அறிக்கை அனுப்பினேன். யோர்க் இரண்டே கேள்வி கேட்டார். முதலாவது, வளையம் செய்தவர் யார். இரண்டாவது, பொருத்துவதற்கு முன் எடுத்த பதினான்காம் படத்தில் வளையத்தின் வெளிப்பக்கத்தில் தெரியும் வட்டமான பழுப்புக் கறை என்ன. பொய் சொல்லத் தெம்பில்லை. பொட்டு என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

பத்து நாள் கழித்துத் தரக்குழுவின் கடிதம் வந்தது. எந்திரம் தேறிவிட்டது, செயற்கைக்கோளில் ஏறும். என் வேலை பிழைத்தது. கீழே ஒரு நிபந்தனை. சோதனையில் தேறிய வளையமும் விண்வெளிக்குப் போகும் வளையமும் எல்லா விதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே, இனிச் செய்யப்படும் ஒவ்வொரு வளையத்திலும் அதே இடத்தில், அதே அளவில், அதே முறையில் பொட்டு வைக்கப்பட வேண்டும்.

யோர்க்கின் அறைக்கு ஓடினேன். “இது கிண்டல்தானே?”

“இல்லை. பொட்டில்லாத வளையம் என்பது வேறு வளையம். அதற்குத் தனியாக முழுச் சோதனை வேண்டும். கூண்டுக்கு மறுபடி வரிசையில் நிற்கிறாயா?” அந்த முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பொருளின் பெயர், விட்டம், மூலப்பொருள், வழங்குநர், வைத்தவர் பெயர், பதவி, கையெழுத்து.

மந்தைவெளிக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் தாமோதரன் பதறினார். “இன்னா மேடம், போச்சா? பொட்டால போச்சா?”

“பாஸ் ஆயிருச்சுண்ணே. இனிமே பொட்டு இல்லாம வளையமே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.”

லேத் நின்ற சத்தம் கேட்டது. “மெய்யாலுமா?”

“மெய்யாலும். படிவம் இருக்கு. வச்சவர் பேரு, தாமோதரன்னு போட்டுறவா?”

“மேடம்... வெச்சது நான் இல்ல. கஸ்தூரி. அன்னிக்கு நீங்க கத்தசொல்லோ உள்ளதான் நின்னுக்கினு இருந்தா. அவ மேல வாணாம்னுதான் நான் ஒத்துக்கினேன்.”

எனக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சந்தில் நான் கத்தின ஒவ்வொரு வார்த்தையும் கதவுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மேல் விழுந்திருக்கிறது. வெளிப்பக்கம் பரவாயில்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தவள். போனை அவங்ககிட்ட குடுங்க என்றேன்.

“சொல்லுங்க மேடம்” என்றார் கஸ்தூரி. மன்னிச்சிடுங்க என்று மூன்று தடவை சொன்னேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “படிவத்துல இன்னா கேக்குறாங்க?” என்றார்.

“பொட்டு எவ்ளோ பெருசு? நாலு மில்லிமீட்டரா?”

“மில்லில்லாம் அவருக்குத்தான். எனக்கு மொளகு. மொளகு சைஸுல வெப்பேன்.”

மிளகு என்று எழுதிக்கொண்டேன். “குங்குமம் எந்தக் கடை?”

“கடைல ஏன் வாங்கறேன்? கோயில்ல அம்பாள் குங்குமம்.”

வழங்குநர் என்ற கட்டத்தில் கற்பகாம்பாள் என்று எழுதினேன். தரச்சான்று கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். “பேரு கஸ்தூரி. பதவின்னு ஒரு கட்டம் இருக்கு. உதவியாளர்னு போடட்டுமா?”

“ஒதவியாளா? லேத்து என் பேர்லதான் கீது மேடம். ஓனருன்னு போடுங்க.”

அடித்துத் திருத்தி எழுதினேன். “கையெழுத்து மட்டும் நீங்கதான் போடணும். தபால்ல அனுப்பி வைக்கட்டுமா?”

“தபால்லாம் வாணாம். நேர்ல வந்து வாங்கிக்கினு போங்க” என்றார் கஸ்தூரி. “வந்தா டீ குடிச்சுட்டுதான் போவணும். அப்பால, கத்தாம வாங்க.”